கண்ணாடிக்குள் தேடிய பொத்தான்

போன ஐப்பசியில் ஒருநாள் குன்னூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். சொந்தத்தில் வளைகாப்பு. சாப்பிட்டுப் பேசிப் புறப்படும்போதே மணி எட்டு. காட்டேரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில், பின்னால் அம்மாவும் சித்தியும். கார் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது முன்கண்ணாடி உள்பக்கமாகப் பனித்துவிட்டது. பாலை ஊற்றியதுபோல் வெள்ளை. எதிரே ஏறிவந்த லாரியின் விளக்கு மஞ்சள் கறையாகப் பரவிக்கொண்டே வந்தது.

"அக்கா, காத்தக் கண்ணாடிக்குத் திருப்பி உடுங்கக்கா" என்றான் தம்பி.

எதைத் திருப்ப? அவனுடைய பழைய காரில் ஒரு குமிழ் இருந்தது. இரண்டு சொடுக்கு வலப்பக்கம் திருகினால் காற்று கண்ணாடிக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். இந்தக் காரில் அந்த இடத்தில் ஒரு பெரிய திரை. அதில் பாட்டுப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளினால் வரைபடம் வந்தது, வரைபடத்தைத் தள்ளினால் யாருடைய போனை இணைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. வண்டி குலுங்கக் குலுங்க விரல் வேறெங்கோ போய்ப் பட்டது. இருட்டில் அந்தத் திரை வெளிச்சம் வேறு கண்ணைக் கூசவைத்தது. ஏ.சி. பக்கத்தைக் கண்டுபிடித்து, அதற்குள்ளே கண்ணாடிக் குறியைக் கண்டுபிடிப்பதற்குள் லாரி எங்களை உரசுவதுபோல் கடந்து போயிருந்தது. தோளில் கிடந்த சால்வையால் தம்பி பக்கத்துக் கண்ணாடியை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஓரங்கட்டு சாமி" என்று பின்னாலிருந்து அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சில நொடிகள் என்னை விடவில்லை. முன்னால் ஒரு கண்ணாடி, பார்க்க முடியாதபடி. பக்கத்தில் இன்னொரு கண்ணாடி, பார்த்தால் ஒழிய எதையும் செய்ய முடியாதபடி. முதலாவது மழையின் வேலை. இரண்டாவதை யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து, யோசித்து, வரைந்து, சரியென்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த சங்கடமோ என்று தேடிப் பார்த்தேன். 2022-இல் ஸ்வீடனின் 'வி பீலேகாரே' என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை செய்திருக்கிறது. புதுக் கார்கள் 11. அவற்றோடு 17 வயதான ஒரு வோல்வோ வி70. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். வானொலியில் குறிப்பிட்ட நிலையத்தைப் பிடிப்பது ஒன்று. சூட்டைக் கூட்டிக் கண்ணாடிப் பனியை நீக்குவது இன்னொன்று, எங்கள் பர்லியாறு வேலையேதான். ஓட்டுநர்கள் முன்பே காரைப் பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பொத்தானும் குமிழும் உள்ள பழைய வோல்வோவில் எல்லாவற்றையும் பத்து நொடியில் முடித்தார்கள். அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. கடைசியாக வந்த புதுக் காரில் 44.9 நொடி, 1,372 மீட்டர். ஒன்றே கால் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டுநரின் கவனம் சாலைக்கும் திரைக்கும் நடுவே ஊசலாடியிருக்கிறது.

தேடத் தேட இன்னும் துயரமான ஒன்றும் கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 21 விடிகாலை, சிங்கப்பூர் நீரிணை அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. மாலுமிகள் பத்துப் பேர் இறந்தார்கள். கப்பலைத் திருப்புவதும் வேகத்தை மாற்றுவதும் தொடுதிரையில் இருந்தன. திருப்பும் கட்டுப்பாடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறிவிட்டது, மாறியதைக் கப்பல் தளத்தில் இருந்தவர்கள் உணரவில்லை. கட்டுப்பாடே போய்விட்டதென்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்கள். இரண்டு சுழலிகளும் சேர்ந்து குறையாமல் ஒன்று மட்டும் குறைந்தது. கப்பல் ஒருபக்கமாகத் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதையில் போய் விழுந்தது. பயிற்சிக் குறை, மேற்பார்வைக் குறை என்று பலதையும் விசாரணை சொன்னது. அந்தத் திரையின் வடிவமைப்பையும் சொன்னது. 2019-இல் அமெரிக்கக் கடற்படை, வேகக் கட்டுப்பாட்டுக்குக் கையால் தள்ளும் பழைய நெம்புகோலையே திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது. நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறைக்குள் நுழைகிற எவரும் ஒரு பார்வையில் அறியலாம். பிடித்திருக்கிற கைக்கு அந்தப் பார்வைகூட வேண்டாம்.

பிறகு ஏன் எல்லாக் கார்களிலும் திரை? ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அச்சு, ஒரு கம்பி, ஒரு சோதனை என்று செலவு இருக்கிறது. முப்பது பொத்தானை எடுத்துவிட்டு ஒரு திரையை வைத்தால் செலவு மிச்சம். எதை எங்கே வைப்பது என்று கடைசி நாள்வரை மாற்றிக்கொள்ளவும் முடியும். வாங்குகிற நம் பங்கும் இருக்கிறது. ஷோரூமில் நிற்கிற காரில் மழை பெய்வதில்லை, கொண்டை ஊசி வளைவு வருவதில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து, "பெரிய ஸ்கிரீன்" என்று நாம்தான் மகிழ்ந்து போகிறோம். திரையே கூடாதென்று நான் சொல்லவில்லை. காரைப் பின்னால் எடுக்கும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் குழந்தையைக் காட்டும் திரை தெய்வம் மாதிரி. பார்க்க வேண்டியதைத் திரையில் காட்டட்டும். பார்க்காமல் செய்ய வேண்டியதைக் கைக்கே விட்டுவிடட்டும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 தொடக்கம் முதல் இதை மதிப்பெண் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. திரும்பு விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கைக்குத் தட்டுப்படும் தனிக் கட்டுப்பாடு இல்லையென்றால் மதிப்பெண் குறையும். கண்ணாடிப் பனி அந்த ஐந்தில் இல்லை. என்னைக் கேட்டால் ஆறாவதாகச் சேர்ப்பேன்.

காரை விடுங்கள். காரே இல்லாத வீட்டிலும் இந்தக் கண்ணாடி நுழைந்துவிட்டது. அம்மாவுக்கு நாங்கள் வாங்கிக்கொடுத்த மின்சார அடுப்பில் எல்லாமே வழவழவென்ற தொடுபொத்தான்கள். சமையல்கட்டில் காய்ந்த கை ஏது? அரிசி களைந்த கை, புளி கரைத்த கை, மாவு ஒட்டிய கை. விரல் படுகிற இடத்தில் ஏற்படும் நுண்ணிய மின்மாற்றத்தை உணர்ந்துதான் அந்தப் பொத்தான் வேலை செய்கிறது. தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும் என்பதால் ஈரத்துக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒருநாள் பால் பொங்கிப் பொத்தான்மேல் வழிந்தது. அடுப்பு கீ கீ என்று கத்துகிறது, எதை அழுத்தினாலும் கேட்கவில்லை. அம்மா ஓடிப்போய்ச் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தார். "டக்குனு ஒரு சத்தம் வந்தாத்தான கண்ணு அணைஞ்சுதுன்னு நமக்கு மனசு ஆறும்" என்றார். பொருள் வடிவமைப்பைப் பற்றி நான் படித்த பல பக்கங்களின் சாரம் அந்த ஒரு வரியில் இருந்தது.

அதே சமையல்கட்டில், அந்த அடுப்புக்கு இரண்டடி தள்ளி, இருபது வருஷமாக ஒரு கிரைண்டர் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1955-இல் கோவையில் பி. சபாபதி அதை வணிக முறையில் செய்யத் தொடங்கினார். இன்று 'கோவை வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பெயர். அதன் வடிவமைப்பை ஒருமுறை நின்று பாருங்கள். ஆட்டுக்கல்லில் குழி அசையாமல் இருக்கும், குழவியைக் கை சுற்றும். கிரைண்டரில் இது தலைகீழ். பாத்திரம் சுற்றுகிறது, கல் நின்ற இடத்தில் உருள்கிறது. இடது கை மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்குமே, அந்த வேலையை ஓரத்தில் நிற்கும் ஒரு சின்னப் பலகை செய்கிறது. தோள்பட்டை வலியை மட்டும் எந்திரம் எடுத்துக்கொண்டது. கல்லை விட்டுவைத்தது, மெதுவையும் விட்டுவைத்தது.

அந்த மெதுவில்தான் இட்லி இருக்கிறது. மிக்சியின் கத்தி நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றும். சட்னிக்கு அது வேண்டும். உளுந்தை அதில் போட்டால் சூடேறிவிடும் என்பதால்தான் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கிறோம். கல்லில் உளுந்து நசுங்கி நசுங்கி, காற்றை உள்ளே வாங்கிப் பந்துபோல் எழும்பி வருகிறது. அம்மா அவ்வப்போது ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். மிதந்தால் பதம். பெண்களின் உடல் நோவைத் தீர்த்த பொருள், பதம் பார்க்கும் உரிமையை அவர்கள் கையிலிருந்து பிடுங்கவில்லை. சின்ன வயதில் ஆட்டுக்கல்லில் நான்கு படி ஆட்டிய அம்மா, "அந்தக் காலம்தான் நல்ல காலம்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. கிரைண்டர் வந்த நாளை எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள் போல நினைவு வைத்திருக்கிறார்.

எதை எந்திரத்திடம் கொடுப்பது, எதைக் கையிலேயே வைத்துக்கொள்வது என்ற இந்த அறிவு நமக்குப் புதிதில்லை. இந்திய அரசு அழைத்து வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி, மாதக்கணக்கில் நாடு சுற்றிவிட்டு 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது அதன் அடிப்படையில்தான். இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களில் தலைசிறந்ததாக அவர்கள் சொன்னது, லோட்டா என்று வடக்கே வழங்கும் நம் செம்பு. எவ்வளவு பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், சாய்த்தால் எப்படி ஊற்றும், கழுவக் கை உள்ளே போகுமா, நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் எடை எங்கே நிற்கும் என்று அதை அணு அணுவாக அலசினார்கள். தனியொருவர் உட்கார்ந்து வரைந்ததில்லை அது. தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் பிடித்துப் பிடித்துத் திருத்திய வடிவம்.

இன்றைய தொழில்நுட்பத்திலும் அப்படி ஒரு பொருள் எனக்குத் தெரியும். எங்கள் காரமடைக் கடைவீதியில் பூக்கட்டும் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பெட்டி இருக்கிறது. பணம் வந்ததும் எத்தனை ரூபாய் என்று தமிழில் உரக்கச் சொல்கிறது. அவர் நாரை விடவில்லை, பூவை விடவில்லை, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சரிங்க, வந்துருச்சுங்க" என்கிறார். போனை எடு, திற, குறுஞ்செய்தியைப் படி என்று எதுவும் அவரிடம் கேட்கவில்லை அந்தப் பெட்டி. அதை யோசித்தவர், பூக்கட்டுகிறவரின் இரண்டு கையும் எப்போதும் வேலையாக இருக்கும் என்பதை யோசித்திருக்கிறார். அவரை ஒருநாள் பார்த்துக் கும்பிட வேண்டும்.

வளைகாப்புக்குப் பிறகு ஊட்டியில் அதே சொந்தத்தில் இன்னொரு விசேஷம் வந்தது. "நான் கார்ல வரல" என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அதனால் மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் மலை ரயில் ஏறினோம். தம்பி குடும்பத்தோடு காரில் வருவதாகப் பேச்சு.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு ரயில் பாதை 46 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரச் சொச்சம். ரயில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, கணக்குப் போட்டால் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. 208 வளைவு, 250 பாலம், 16 குகை. குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இவையெல்லாம் நிலையத்துப் பலகையிலேயே படித்துவிடலாம். ஏறி உட்கார்ந்தால்தான் தெரிவது வேறு.

எஞ்சின் முன்னால் இல்லை. பின்னாலிருந்து தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டி மலையில் பின்னோக்கி உருண்டுவிடக் கூடாது என்பதற்காக. அப்படியானால் முன்னால் பாதையைப் பார்ப்பது யார்? முதல் பெட்டியின் முகப்பில், திறந்த மாடத்தில், பச்சையும் சிவப்புமாகக் கொடி பிடித்து ஒருவர் நிற்கிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒரு பிரேக்மேன். அவருக்குக் கீழ் அந்தப் பெட்டியின் பிரேக். கல்லாறு வந்ததும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இன்னொன்று முளைக்கிறது, பல் பல்லாக. ஸ்விட்சர்லாந்தின் ஆப்ட் என்ற பொறியாளர் கண்ட ஏற்பாடு. இரண்டு பல் பட்டைகளை ஒட்டி வைத்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அமைத்திருக்கிறார்கள். எஞ்சினின் பல் சக்கரம் ஒரு கணமும் பிடியை விடுவதில்லை. அந்தப் பிடி விழும்போது பெட்டி லேசாக அதிர்ந்து, கடகடவென்ற சத்தம் உட்காரும் பலகை வழியாக முதுகுக்கு ஏறுகிறது. "புடிச்சுக்கிச்சு" என்றார் அம்மா. அடுப்பின் சுவிட்சுக்குச் சொன்ன அதே நிம்மதி அந்தக் குரலில்.

பன்னிரண்டு அடிச் சொச்சம் முன்னே போனால் ஓரடி மேலே ஏறுகிற சரிவு. பல் தண்டவாளப் பகுதியில் வேகம் மணிக்குப் பதிமூன்று கிலோமீட்டர். பாக்குத் தோப்பின் நிழல் முகத்தில் விழுந்து விழுந்து போனது. குகைக்குள் நுழையும்போது பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது நாங்களும் இறங்கி டீ குடித்தோம், அம்மாவின் வடையைக் குரங்கு கொண்டு போனது. ரன்னிமேடு வருவதற்குள் காற்று மாறிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர் உயரத்தைக் கார் நமக்கு ஒரே மூச்சில் கொடுத்துவிடுகிறது, காது அடைப்பதுதான் மிச்சம். ரயிலில் அம்மா முதலில் முந்தானையை இழுத்துப் போர்த்தினார், பிறகு சால்வை, பிறகு ஸ்வெட்டர். எதிர்ச் சரிவில் சாலை கோடாகத் தெரிந்த ஓரிடத்தில், "அதா பாரு, அன்னைக்கு நாம திணறுனது அங்கதான்" என்று காட்டினார். அதே இடமா என்று எனக்குத் தெரியாது. அவருக்குச் சந்தேகமே இல்லை.

எல்லோரும் எங்கேயும் இப்படித்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். சென்னை–கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது, ஆஸ்பத்திரிக்கென்று மாதம் ஒருமுறை சென்னை போய்வந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆறு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். நானும் போகிறேன். திறக்க முடியாத சன்னலுக்கு அந்தப் பக்கம் ஜோலார்பேட்டை ஓர் ஊமைப் படம்போல ஓடிவிடும், டீக்காரரின் குரல் கேட்காது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அது எனக்குக் குறையாகத் தெரிவதில்லை. மனிதரைப் பார்க்கப் போகும்போது குறைதான். வழியெல்லாம் கழித்துவிட்டு ஊரை மட்டும் கையில் கொடுத்தால், வந்து சேர்ந்தும் மனம் பின்தங்கியே நிற்கிறது.

அந்த மலை ரயில் எஞ்சின்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ் வகை என்று பெயர். 1914 முதல் 1952 வரை ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை.  இன்று அவற்றுக்கு உதிரிபாகங்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனைக்காரர்கள் தாங்களே செய்கிறார்கள். போதாதென்று இந்த நூற்றாண்டில் புது நீராவி எஞ்சின்களையே செய்து மலைக்கு அனுப்பினார்கள். எங்கே தேய்கிறது, எதைக் கழற்றினால் எது வரும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் எந்திரம் என்பதால் அது முடிந்தது.

என் போனின் வயது மூன்றரை. பேட்டரி மட்டும் சோர்ந்துவிட்டது. கடைக்காரர் சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கி முதுகைத் திறக்கும்போது அது விரிசல் விட்டுப்போனது. "எல்லாம் ஒட்டித்தாங்க வருது, நாங்க என்னங்க பண்றது" என்று அவர் வருத்தப்பட்டார். அவர் தப்பு ஒன்றுமில்லை. தேய்ந்துபோகும் என்று தெரிந்தே ஒரு பொருளைப் பசை போட்டு மூடுவது கவனக்குறைவால் நடப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு போனின் விற்பனை நின்றபிறகும் ஏழு ஆண்டுகள் அதன் முக்கிய உதிரிபாகம் கிடைத்தாக வேண்டும், ஐந்து ஆண்டுகளாவது மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று அரசு ஓர் இணைய வாசலைத் திறந்தது. அந்த உரிமை வாசலோடு நின்றுவிடாமல் சட்டமாக வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் கோவை கிராஸ்கட் சாலையிலும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் பிள்ளைகளின் கையில் அத்தனை திறமை இருக்கிறது. திறக்க ஒரு திருகாணி வைக்கச் சொல்லித்தான் கேட்கிறோம்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டினார்கள். தம்பியிடமிருந்து போன் வந்தது. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிறதாம், பந்தி இன்னும் போடவில்லையாம், பொழுது போகவில்லையாம். "நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டான். அம்மா போனை வாங்கி வடையைக் குரங்கு கொண்டு போன கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். வெலிங்டன் வரை அது முடியவில்லை.

கேத்தி தாண்டி லவ்டேல் போகும்போது மஞ்சு இறங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சன்னலை ஏற்றிவிடலாமா என்று கேட்டார். "வேண்டாங்கண்ணா, இருக்கட்டும்" என்றார் அம்மா. மஞ்சு உள்ளே வந்து அவருடைய மூக்குக்கண்ணாடியில் படிந்தது. கழற்றி, முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி வெளியே பார்த்தார்.